அபாயக் கழிவைச் சேகரிக்கக் கிளம்பும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடியிருப்போர் சங்கமோ இளைஞர் மன்றமோ "வீட்டில் கிடக்கும் அபாயக் கழிவைக் கொண்டுவந்து கொடுங்கள்" என்று அறிவித்தால் போதும், கூட்டம் வந்துவிடும். அலமாரிக்கு அடியில் வருடக்கணக்காகக் கிடந்த பூச்சிமருந்து, பாதி காய்ந்த பெயின்ட், உப்பிப்போன பேட்டரி, பேரே தெரியாத புட்டி என எல்லாம் வரும். சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகுதான், இதையெல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். இந்தக் கேள்வியைத் தேதி குறிக்கும் முன்பே கேட்காதது இவ்வகை முயற்சிகளின் முதல் தவறு. என்னைக் கேட்டால், மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

பல வீடுகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறிக்கிடந்த ஆபத்தை, நல்லது செய்வதாக நினைத்து ஒரே அறைக்குள் குவித்துவிடுகிறோம். "இரண்டு நாளைக்கு சங்க அறையில் வைத்துப் பூட்டிவிடலாம்" என்பார் ஒருவர். அந்த இரண்டு நாள் இரண்டு வருடமாவது சர்வசாதாரணம். லெபனான் நாட்டின் பெய்ரூட் துறைமுகத்தில் நடந்ததும் அடிப்படையில் இதுதான். 2013இல் ஒரு கப்பலில் வந்து மாட்டிக்கொண்ட சுமார் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட்டை, அதாவது உரமாகவும் வெடிபொருள் செய்யவும் பயன்படும் உப்பை, கிடங்கில் இறக்கி வைத்தார்கள். அதை அப்புறப்படுத்துவது யார் பொறுப்பு என்று கடிதங்கள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. 2020 ஆகஸ்ட் 4 அன்று அது வெடித்ததில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அளவில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் என்றாலும், "தற்காலிகமாக" என்ற சொல் செய்யும் வேலை ஒன்றுதான்.

ஆகவே அறிவிப்புக்கு முன்னால், அனுமதி பெற்ற கழிவு மேலாண்மை நிறுவனத்திடமோ உள்ளாட்சி அமைப்பிடமோ எழுத்துமூலம் வாங்க வேண்டியவை சில உண்டு. எந்தெந்த வகையை எடுத்துக்கொள்வார்கள், எவ்வளவு, எப்படிக் கட்டிவைக்க வேண்டும், வண்டி எத்தனை மணிக்கு வரும். அன்றைக்கே ஏற்றிக்கொண்டு போவார்கள் என்ற உறுதி கிடைக்கவில்லை என்றால் தேதியைத் தள்ளிப்போடுங்கள். அல்லது பேட்டரி மட்டும், டியூப்லைட் மட்டும் என்று சுருக்கிக்கொள்ளுங்கள். எடுத்துக்கொள்ளாதவற்றின் பட்டியலையும் நோட்டீஸிலேயே பெரிதாகப் போடுங்கள். காஸ் சிலிண்டர், பட்டாசு, வெடிபொருள், ஊசி போன்ற மருத்துவக் கழிவு ஆகியவற்றை ஒரு மேஜையும் நான்கு தன்னார்வலர்களும் கையாள முடியாது.

மூடியைத் திறக்கும் ஆசை

சேகரிப்பு நாளில் நடக்கும் மிக மோசமான தவறு, இடத்தை மிச்சப்படுத்த ஒன்றோடொன்றைச் சேர்த்து ஊற்றுவது. ஒருவர் கால் புட்டி பிளீச் கொண்டுவருகிறார், அடுத்தவர் அரைப் புட்டி கழிப்பறை கழுவும் ஆசிட் கொண்டுவருகிறார். இரண்டும் "பாத்ரூம் கிளீனர்தானே" என்று ஒரே கேனில் கவிழ்க்கப்படுகின்றன. பிளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். கழிப்பறை ஆசிட்டில் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வெளிவரும். முதல் உலகப் போரில், 1915இல் பெல்ஜியத்தின் இப்ரே போர்க்களத்தில் ஆயுதமாகத் திறந்துவிட்டார்களே, அதே வாயு. பிளீச்சோடு அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம் சேர்ந்தால் குளோரமின் வாயுக்கள் வரும். அவையும் நுரையீரலைப் பதம் பார்க்கும்.

பேரை நம்பியும் கலக்கக் கூடாது. நீச்சல் குளத்துக்குப் போடும் "குளோரின்" எல்லாம் ஒன்றல்ல. கால்சியம் ஹைப்போகுளோரைட் ஒரு வகை, டிரைகுளோர் எனப்படும் மாத்திரை இன்னொரு வகை. இரண்டையும் ஒரே வாளியில் கொட்டி, கொஞ்சம் ஈரமும் பட்டால், சூடேறித் தீப்பிடிக்கலாம், வெடிக்கவும் செய்யலாம்.

ஆசிட்டில் சோடா உப்பைப் போட்டு "சரிசெய்து" தருகிறேன் என்று முன்வரும் வேதியியல் ஆர்வலர் எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார். அவரை அன்போடு தேநீர் வாங்க அனுப்பிவிடுங்கள். அந்த வினையில் கார்பன் டை ஆக்சைடு பொங்கும். பொங்கி முடிவதற்குள் மூடியைத் திருகிவிட்டால் புட்டி வெடிக்கும். சேகரிப்பு மேஜையில் ஒரே விதிதான்: எந்த மூடியையும் யாரும் திறக்கக் கூடாது. கசியும் புட்டியை அப்படியே இன்னொரு பெரிய பிளாஸ்டிக் வாளிக்குள் நிமிர்த்தி வைத்தால் போதும்.

வகை பிரிக்கும்போதும் கண் ஏமாறும். உலகம் முழுக்க ஒரே மாதிரி இருக்கட்டும் என்று ஐ.நா. 2003இல் வெளியிட்ட ரசாயன லேபிள் முறையில் ஒன்பது எச்சரிக்கைப் படங்கள் உண்டு. சிவப்பு விளிம்புள்ள சாய்சதுரத்துக்குள் கறுப்புப் படம். அவற்றில் இரண்டில் தீ எரியும். வெறும் தீச்சுடர் இருந்தால் அது எளிதில் பற்றிக்கொள்ளும் பொருள். சுடருக்குக் கீழே ஒரு வட்டம் இருந்தால் அது ஆக்சிஜனேற்றி, அதாவது பக்கத்தில் எரியும் தீயை இன்னும் மூட்டிவிடும் பொருள். "இரண்டுமே தீ சம்பந்தப்பட்டது" என்று ஒரே பெட்டியில் போடுபவர்கள் நிறைய. ஒரே பெட்டியில் சேரவே கூடாத ஜோடி அது. தின்னரும் டர்பன்டைனும் ஒரு மூலையில் என்றால், பிளீச்சிங் பவுடரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் எதிர் மூலையில் இருக்க வேண்டும்.

தண்ணீர் பாட்டிலில் வரும் விஷம்

"பழைய டப்பா கசிகிறது, வேறு பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவாருங்கள்" என்று சொல்வது பெரும் தவறு. லேபிள் போய்விட்டால் பொருளின் அடையாளமே போய்விடும். பிகாரில் 2013 ஜூலையில் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி இருந்ததைத் தடயவியல் சோதனை காட்டியது. பூச்சிமருந்து ஒரு கலத்திலும் உண்ணும் பொருள் இன்னொரு கலத்திலும் இருக்க வேண்டும், இரண்டும் ஒருபோதும் இடம் மாறக் கூடாது என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

யாராவது தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைப்பது அடுத்த தவறு. ஆசிட் என்றால் ஏறும் வழியில் இன்னொரு முறை சுடும். மண்ணெண்ணெய், தின்னர் போன்றவை நுரையீரலுக்குள் போய்விடும். அந்தப் புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். டாக்டர் முதலில் தேடுவது லேபிளைத்தான்.

பேர் தெரியாத புட்டி வந்தால் மோந்து பார்க்காதீர்கள். "தெரியாதது" என்று சீட்டு ஒட்டி, கொடுத்தவருக்குத் தெரிந்ததை எழுதித் தனியாக வையுங்கள். காரேஜில் இருந்ததா, தோட்டத்துக்கு வாங்கியதா, எத்தனை வருடம் பழையது என்ற அளவு விவரமே பின்னால் பிரிப்பவருக்குப் பெரிய உதவி.

விவசாயிகளிடம் பேசும்போது "காலி டப்பாவை நன்றாகக் கழுவுங்கள்" என்று மட்டும் சொன்னால், அவர் வாய்க்காலில் கழுவுவார். முழுதாகச் சொல்ல வேண்டும். மருந்தைத் தெளிப்பானில் ஊற்றி வடியவிட்டதும், டப்பாவில் கால் பாகம் தண்ணீர் விட்டு, மூடி, அரை நிமிடம் குலுக்கி, அந்தத் தண்ணீரையும் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்ற வேண்டும். இப்படி மூன்று முறை. பிறகு டப்பாவில் ஓட்டை போட்டுவிட வேண்டும். ஓட்டை இல்லாத டப்பா நாளைக்கே தண்ணீர்க் குடமாகிவிடும்.

துடைப்பத்தை எடுக்காதீர்கள்

தெர்மாமீட்டர் உடைந்து பாதரசம் உருண்டோடினால் கை தானாகத் துடைப்பத்தைத் தேடும். துடைப்பம் ஒரு மணியை நூறு மணியாக்கும். வாக்குவம் கிளீனரோ அதைச் சூடாக்கி ஆவியாகக் காற்றில் கலந்துவிடும். குழந்தைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து, கெட்டி அட்டையால் மெல்ல ஒன்றுசேர்த்து, மருந்து சொட்டும் குழாயால் உறிஞ்சி, மூடியுள்ள புட்டியில் போட வேண்டும். மிச்சம் மின்னும் துகள்களுக்கு ஒட்டும் டேப்.

டியூப்லைட்டிலும் சிஎஃப்எல் பல்பிலும் பாதரசம் சில மில்லிகிராம்தான் இருக்கும். ஒரு பல்பு உடைந்தால் பதற வேண்டியதில்லை, காற்றோட்டமும் கவனமும் போதும். ஆனால் சேகரிப்பு நாளில் நீளமான டியூப்லைட்டுகள் சாக்கில் அடங்கவில்லை என்று உடைத்துப் போடுகிறார்களே, அங்கே பல பல்புகளின் ஆவியை ஒரே ஆள் குனிந்துநின்று சுவாசிக்கிறார்.

பேட்டரி விஷயத்தில் இரண்டு சொன்னால் போதும். லித்தியம் பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டாமல் ஒரே பையில் கொட்டினால், ஒன்றோடொன்று உரசித் தீப்பிடிக்கும். உப்பியதை அழுத்தாமல், குத்தாமல், உலர்ந்த மணலில் தனியாக வையுங்கள். அடுத்தது, பழைய கார் பேட்டரிக்கு யார் காசு கொடுத்தாலும் தள்ளிவிடும் பழக்கம். செனகல் நாட்டில் டாக்கார் அருகே தியாரோய் சுர் மேர் என்ற இடத்தில் பேட்டரி ஈயத்தைத் திறந்த வெளியில் பிரித்தெடுத்தார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அங்கே 18 குழந்தைகள் இறந்தன. கழிவு நம் கையை விட்டுப் போன பிறகு எங்கே போனது என்ற ரசீது வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

வீட்டை மட்டும் பார்ப்பது

சமூக முயற்சிகளில் அதிகம் பேசப்படாத தவறு ஒன்று உண்டு. வீட்டிலிருக்கும் அரை லிட்டர் ஆசிட்டுக்கு நோட்டீஸ் அடிப்பவர்கள், தெருக்கோடியில் இருக்கும் தொழிற்சாலையில் என்ன சேமித்திருக்கிறார்கள் என்று கேட்பதில்லை. போபாலில் 1984 டிசம்பர் 2 நள்ளிரவை ஒட்டி பூச்சிக்கொல்லி ஆலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் என்ற நச்சு வாயு கசிந்தபோது, அது என்ன வாயு, எந்தப் பக்கம் போவது என்று சுற்றியிருந்த மக்களுக்கு யாரும் முன்பே சொல்லிவைத்திருக்கவில்லை. அதன் அதிர்ச்சியில்தான் அமெரிக்காவில் 1986இல் அக்கம்பக்கத்தவருக்கு ரசாயன விவரங்களை அறியும் உரிமை தரும் சட்டம் வந்தது. என்ன பொருள், எவ்வளவு, சைரன் எப்படி ஒலிக்கும், ஒலித்தால் வீட்டுக்குள் இருப்பதா வெளியேறுவதா என்ற கேள்விகளோடு ஒரு குழு ஆலை நிர்வாகத்தைச் சந்திப்பது, பத்து விழிப்புணர்வு ஊர்வலத்தைவிடப் பயனுள்ளது.

அப்படிக் கேட்கப் போகும்போது வதந்தியைக் கையில் எடுத்துப் போகாதீர்கள். நியூயார்க் மாநிலத்தின் லவ் கனாலில், சுமார் 21,000 டன் ரசாயனக் கழிவு புதைத்த நிலத்தில் பள்ளிக்கூடமும் வீடுகளும் வந்தன. 1978இல் அங்கு குடியிருந்த லோயிஸ் கிப்ஸ் என்ற பெண்மணியும் அண்டைவீட்டாரும் வீடுவீடாகப் போய் நோய் விவரங்களை எழுதி வரைபடத்தில் குறித்தார்கள். இல்லத்தரசிகள் சேர்த்த தகவல் என்று அதிகாரிகள் முதலில் ஒதுக்கித்தள்ளினார்கள். ஆனாலும் அவர்கள் விடவில்லை. குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டன, நச்சு நிலங்களைச் சுத்தம் செய்வதற்கான தேசியச் சட்டம் 1980இல் வந்தது. "எல்லாருக்கும் உடம்பு சரியில்லை" என்பது எடுபடாது. தேதி, வீடு, அறிகுறி, நாற்றம் வந்த நேரம், காற்று வீசிய திசை என்று ஒரே படிவத்தில் எழுதிய நோட்டுப்புத்தகம் எடுபடும்.

எல்லாம் முடிந்த பிறகு

வண்டி போனதும் மேஜையை மடித்துவிட்டுக் கிளம்புவார்கள். கையுறை, கசிவைத் துடைத்த துணி, விரித்த பிளாஸ்டிக் ஷீட் எல்லாம் சாதாரணக் குப்பைத் தொட்டிக்குப் போகும். அவையும் அந்த வண்டியிலேயே ஏறியிருக்க வேண்டியவை. ஆளி விதை எண்ணெய் கலந்த மர வார்னிஷ் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறிந்தால், எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து உள்ளுக்குள் சூடேறி, யாரும் தீ வைக்காமலே சில மணி நேரத்தில் பற்றிக்கொள்ளும். அதனால் துணிகளை மட்டும் தண்ணீர் நிரப்பிய உலோக டின்னில் அமுக்கி, மூடி போட்டு, கடைசியாக வண்டியில் ஏற்றிவிட்டு, எடை எழுதிய ரசீதில் ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்குங்கள்.