மருந்தைக் குறைத்து வரோவாவைச் சமாளித்த விதம்

வரோவா என்பது தேனீக்களைத் தாக்கும் உண்ணி. அதற்கான மருந்தை ஒரேயடியாக நிறுத்தினால் தேனீக் கூட்டமே காலியாகிவிடலாம். அதனால் உண்ணிகளை எண்ணுவதில் தொடங்கினேன். புழுக்கள் வளரும் அடையிலிருந்து அரை கப் தேனீக்கள், ஏறக்குறைய 300. வலைமூடி போட்ட பாட்டிலில் சர்க்கரைப் பொடி தூவி உருட்டி, வெள்ளைத் தட்டில் குலுக்கினால் செம்பழுப்பு உண்ணிகள் உதிரும், தேனீக்கள் சாகாது. (ராணி அதில் மாட்டவில்லையே என்று இரண்டு தடவை பார்த்துவிடுங்கள்!) உதிர்ந்த உண்ணிகள் 9-ஐத் தாண்டினால் அந்தத் தேனீப் பெட்டிக்கு மட்டும் மருந்து, அப்புறம் ராணியையும் மாற்றிவிடுவேன். உண்ணி குறைவாக இருக்கும் கூட்டங்களிலிருந்துதான் புது ராணிகள்.

வரோவாவுக்கு ஆண் தேனீப் புழு வளரும் அறை என்றால் கொள்ளை ஆசை. ஆண் தேனீ வெளிவர 24 நாள் ஆகும். உண்ணி பெருக அவகாசம் அதிகம். ஆண் புழுக்களுக்கென்றே பெட்டியில் ஒரு அடைச்சட்டம் வைத்து, தேனீக்கள் அறைகளை மூடியதும் அடையை வெட்டி உறைய வைத்துவிடுவேன். தள்ளிப்போட்டால் நாமே உண்ணி வளர்த்த கதைதான். இப்போது பாதிக்கு மேற்பட்ட பெட்டிகள் மருந்தில்லாமலே ஓடுகின்றன.