அலுமினியமும் மெக்னீசியமும் ஒட்டவே மாட்டேன்னுச்சு, கடைசில ஒட்டுன விதம்

தஞ்சாவூர் பக்கம் எங்க பட்டறைல, குறுவை வயல்ல மருந்தடிக்கிற ட்ரோனுக்கு எடை கம்மியா ஃப்ரேம் வேணும்னு 6061 ரக அலுமினியத்தையும் ஏஇசட்31 ரக மெக்னீசியத்தையும் பழைய மில்லிங் மெஷின்ல ஃப்ரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங் (சுத்துற டூலை அழுத்தி, உரசுற சூட்டுல உலோகத்தை உருக்காம எளக்கி ஒட்டுற முறை) பண்ணி பாத்தோம். ரெண்டும் 3 எம்எம் தகடு. மேலாப்புல வெல்டு அம்சமா இருக்கு, ஆனா வைஸ்ல வச்சு லேசா வளைச்சா ஜாயிண்ட்டோடயே அப்பளமா உடையுது.

சூடு பத்தலைனு நெனச்சு ஆர்பிஎம்மை 1400க்கு ஏத்துனேன், அதுதான் தப்பு. தனியா பாத்தா அலுமினியம் 660 டிகிரி, மெக்னீசியம் 650 டிகிரில உருகும், ஆனா ரெண்டும் கலந்துட்ட எடம் 437லயே உருக ஆரம்பிச்சிரும், ஆறுனதும் கண்ணாடி மாதிரி நொறுங்குற ஒரு காம்பவுண்ட் நடுவுல படிஞ்சிரும். உருக்காம பிசைஞ்சு ஒட்டுறதுதான் இந்த முறைக்கே உயிர், அதையே நான் கெடுத்துட்டு இருந்திருக்கேன்.

அப்புறம் 800க்கு எறக்கிட்டு, டூல் சுத்துற தெசையும் நகர்ற தெசையும் ஒண்ணா வர்ற பக்கத்துல மெக்னீசியத்தை வச்சு, டூல் நுனில இருக்கிற பின்னையும் 1 எம்எம் அந்தப் பக்கமே தள்ளுனேன். வெல்டு பண்றதுக்கு சித்த முன்னாடிதான் ஓரத்தை ஒயர் பிரஷ் போட்டு அசிட்டோன்ல தொடைக்கணும், முந்தின நாளே தொடைச்சு வச்சா பிரயோஜனமே இல்ல. நடுவுல படியுற அந்த நொறுங்குற காம்பவுண்ட் படலம் முழுசா போகல, மெல்லிசாச்சு, இப்ப வளைச்சா கொஞ்சம் தாங்குது.

மெக்னீசியம் சீவல் தீப்பிடிச்சா தயவுசெஞ்சு தண்ணி ஊத்தாதீங்க, இன்னும் பெருசா எரியும். நாங்க வெண்ணாத்து மணலை நல்லா காயவச்சு மெஷின் பக்கத்துலயே ஒரு வாளி வச்சிருக்கோம்.