மைக்கைப் பார்த்ததும் வாயடைத்துப் போகிறதா? புதிதாக பாட்காஸ்ட் தொடங்கும் நம்ம ஊர்க்காரர்களுக்கு

வாட்ஸ்அப்பில் ஐந்து நிமிஷத்துக்கு வாய்ஸ் நோட் அனுப்பத் தயங்காதவர்கள்கூட, இது பாட்காஸ்ட் என்று மைக்கை எதிரே வைத்ததும் வேறு ஆளாகிவிடுகிறார்கள். தொண்டை இறுகுகிறது, குரல் ஒரு கட்டை ஏறுகிறது, 'அன்பார்ந்த நேயர்களே, அனைவருக்கும் எனது இனிய வணக்கங்கள்' என்று ஆரம்பித்து மூன்றாவது வாக்கியத்தில் நின்றுவிடுகிறார்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் இப்படித் தவிக்கிற நிறைய பேரைப் பார்க்கிறேன், அவர்களில் பேச்சு வராதவர் யாருமில்லை. பழக்கமில்லாத ஒரு தமிழில், கண்ணால் பார்க்காத ஒரு கூட்டத்திடம் பேசப் பார்க்கிறார்கள், அங்கேதான் பயம் வருகிறது. அதனால் தைரியம் வரட்டும் என்று காத்திருக்காமல், யாரிடம் பேசப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

ஒரே ஓர் ஆள் போதும். நெல்லிக்குப்பத்தில் இருக்கும் சித்தி மகளாக இருக்கலாம், வேலைக்காக சென்னைக்குப் போய்விட்ட வில்லியனூர் நண்பனாக இருக்கலாம். அவர் பெயரை ஒரு சீட்டில் எழுதி மைக்குக்குப் பின்னால் கண்ணில் படுகிற மாதிரி ஒட்டிவிட்டு, 'டேய், ஒரு விஷயம் கேளு' என்று அவரிடம் பேசுவது போலவே ஆரம்பியுங்கள். அந்த முதல் வரியை எடிட்டிங்கில் வெட்டிவிடலாம், ஆனால் அதற்கடுத்து வரும் பத்து நிமிஷமும் அந்தத் தொனியிலேயே வரும்.

பேச்சுத் தமிழா, மேடைத் தமிழா என்ற குழப்பம் எல்லோருக்கும் உண்டு. என்னைக் கேட்டால் வீட்டில் பேசுகிற தமிழ்தான். காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் போகிறவருக்கு உங்கள் குரல் மிகப் பக்கத்தில் கேட்கிறது, அங்கே மேடைப் பேச்சு ஒட்டாது. திருப்பாதிரிப்புலியூர் கோயில் வரலாற்றையோ ஒரு கல்வெட்டுச் செய்தியையோ வாசிக்கும்போது எழுத்துத் தமிழ் தானாக வரும், வரட்டும், வாசித்து முடித்ததும் பழைய பேச்சுக்குத் திரும்பிவிடுங்கள். ழ, ள உச்சரிப்பைப் பற்றிக் கவலை இருந்தால் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே பாதி சரியாகிவிடும். நம் பக்கத்துப் பேச்சு மதுரைப் பேச்சு மாதிரியோ கோவைப் பேச்சு மாதிரியோ இல்லையே என்று வருத்தப்படவே வேண்டாம். நம்ம ஊர்ப் பேச்சைக் கேட்க ஏங்குகிறவர்கள் துபாயிலும் பாரிஸிலும் இருக்கிறார்கள்.

அடுத்தது, சொந்தக் குரலைக் கேட்டதும் வருகிற அதிர்ச்சி. 'என் குரல் இவ்வளவு மெலிசாவா இருக்கு?' என்று ரெக்கார்டிங்கை அழித்துவிட்டு அதோடு விட்டவர்கள் எத்தனையோ பேர். நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்ல, மண்டையோட்டு எலும்பு வழியாகவும் உள்காதுக்குப் போகிறது, எலும்பு வழியாகப் போவதில் கனமான கீழ்ச்சுரங்கள் கூடுதலாகக் கேட்கும். ரெக்கார்டிங்கில் அந்தப் பகுதி இல்லை, அதனால்தான் மெலிந்து கேட்கிறது. உங்கள் அம்மாவும் நண்பர்களும் இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பது அந்தக் குரலைத்தான், அவர்களுக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியாது. தினம் ஒரு சின்ன ரெக்கார்டிங் செய்து, யாருக்கும் அனுப்பாமல், மறுநாள் ஒருமுறை கேளுங்கள். குரல் நன்றாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், சொன்னது புரிகிறதா என்று மட்டும் பாருங்கள். காது சீக்கிரம் பழகிவிடும்.

எழுதி வைத்துப் படிப்பதா, அப்படியே பேசுவதா? இரண்டும் வேண்டும். முதல் ஒரு நிமிஷத்தையும் கடைசி நாலு வரியையும் வார்த்தை வார்த்தையாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பயம் அதிகமாக இருப்பது ஆரம்பத்தில், உளறல் அதிகமாக வருவது முடிக்கத் தெரியாத இடத்தில். நடுவில் இருப்பதற்குக் குறிப்புகள் போதும். பண்ருட்டிப் பலாவைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்றால் மரம், சந்தை, சுளை எடுக்கிற கை என்று மூன்று வார்த்தை எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றிலும் நீங்கள் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள். முழுசாக எழுதி வாசித்தால் வாசிப்பது போலத்தான் கேட்கும்.

ஒத்திகைக்கு ஒரு நல்ல இடம் சொல்கிறேன். சாயங்காலம் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலை வரை நடந்துகொண்டே உங்கள் எபிசோடைச் சத்தமாகப் பேசிப் பாருங்கள், யாரோடோ ஃபோனில் பேசுவதாகத்தான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். கடலூர்க்காரர்களுக்குத் தேவனாம்பட்டினம் சில்வர் பீச் இருக்கிறது. நடக்கும்போது மூச்சு சீராகும், கை தானாக அசையும், எந்த இடத்தில் விஷயம் இழுக்கிறது என்பதும் தெரிந்துவிடும். ரெக்கார்டிங்கை மட்டும் அங்கே வைத்துக்கொள்ளாதீர்கள். கடல் காற்று மைக்கில் நேராக மோதினால் பேச்சே கேட்காது, மைக்குக்குப் பஞ்சு உறை போட்டாலும் ஓரளவுக்குத்தான் தாங்கும்.

வீட்டில் எந்த அறை? சின்ன அறை, துணி நிறைய இருக்கிற அறை. டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் இருந்தால் எக்கோ அடிக்கும், உயரமான கூரை போட்ட பழைய புதுச்சேரி வீடுகளில் இன்னும் மோசம். துணி பீரோவைத் திறந்து வைத்து அதைப் பார்த்து உட்காருங்கள், பின்பக்கம் ஒரு மெத்தையை நிமிர்த்தி வையுங்கள். மைக் வாயிலிருந்து பத்துப் பதினைந்து சென்டிமீட்டரில் இருக்கட்டும், ஆனால் நேர் எதிரே வேண்டாம், கொஞ்சம் பக்கவாட்டில் வைத்தால் 'ப' வருகிற இடத்தில் காற்று டப்பென்று அடிக்காது. சத்த அளவு காட்டும் முள் அதிகபட்சம் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டுத் தொட்டு வந்தால் போதும், பூஜ்யத்தைத் தொட்டால் கிழிந்துவிடும், கிழிந்ததைப் பிறகு சரிசெய்ய முடியாது. ஃபோனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். முப்பது விநாடி பேசி, ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு அப்புறம் ஆரம்பியுங்கள். இதெல்லாம் டெக்னிக்கல் விஷயமாச்சே, தைரியத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சத்தம் சரியாகப் பதிகிறதா என்ற கவலை மனசின் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தால் பேச்சில் நிற்க முடியாது, அதனால்தான் சொல்கிறேன்.

மே மாதம் ஃபேனை நிறுத்திவிட்டு மத்தியானத்தில் உட்கார முடியாது, அதிகாலைதான் வசதி. மார்கழியில் அதிகாலையில் கோயில் ஸ்பீக்கர் பாடும், அந்த மாதம் மட்டும் ராத்திரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழையும் கரன்ட் கட்டும் நம் பக்கம் சகஜம், அதற்கு முன்பே நாலைந்து எபிசோட் கையிருப்பில் வைத்திருந்தால் அவசரத்தில் எதையாவது பேசிப் போட வேண்டியிருக்காது.

பேசும்போது தடுமாறினால் நிறுத்தாதீர்கள், மன்னிப்பும் கேட்காதீர்கள். ஒருமுறை கை தட்டிவிட்டு, மூச்சு விட்டு, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் திறந்தால் கைதட்டல் ஒரு கூர்மையான கோடாக நிற்கும், அங்கே வெட்டினால் போதும். இப்படி வெட்டலாம் என்று தெரிந்ததுமே முக்கால்வாசி பதற்றம் போய்விடும். ஆனால் ஒவ்வொரு 'ம்ம்' சத்தத்தையும் துரத்தித் துரத்தி வெட்ட வேண்டாம், மூச்சு விடாத மனிதர் பேசுகிற மாதிரி ஆகிவிடும்.

தனியாகப் பேச இன்னும் கூச்சமாக இருந்தால் ஒரு விருந்தினரோடு ஆரம்பியுங்கள். கவனம் அவர் மேல் போய்விடும், நமக்குக் கேட்கிற வேலை மட்டும்தான். அதிலும் தெரிந்தவர் நல்லது, பக்கத்து வீட்டு ஆயா, கடலூர் ஓ.டி. (ஓல்ட் டவுன்) துறைமுகத்தில் மீன் எடுக்கிற அண்ணன் மாதிரி. 'எப்படி உணர்ந்தீங்க?' என்று கேட்டால் 'கஷ்டமாதான் இருந்துச்சு' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையைக் கடந்தது, அதைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்றால், 'அண்ணே, அன்னைக்கு ராத்திரி வீட்ல யார் யார் இருந்தீங்க? காலைல கதவைத் தொறந்ததும் முதல்ல எதைப் பார்த்தீங்க?' என்று கேளுங்கள். விழுந்த முந்திரி மரம், பறந்துபோன கூரை என்று ஒன்றொன்றாக வரும். அவர் நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் மனசுக்குள் மூன்று வரை எண்ணுங்கள், முக்கியமானது பெரும்பாலும் அந்த இடைவெளிக்கு அப்புறம்தான் வரும். சுனாமியில் வீட்டு ஆளைப் பறிகொடுத்தவர்களிடம் பேசுகிறீர்கள் என்றால், அதைத் தொடலாமா என்று மைக்கைப் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். அவர் வேண்டாம் என்றால் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. இதில் சமரசமே இல்லை.

வெளியிடும்போது முதல் மாதம் எத்தனை பேர் கேட்டார்கள் என்ற எண்ணைப் பார்க்காதீர்கள், அந்த எண் நீங்கள் பேசுவது எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லாது. அதற்குப் பதிலாக நம்பகமான மூன்று பேருக்கு அனுப்பி, 'நல்லா இருக்கா?' என்று கேட்காமல், 'எந்த இடத்துல கேட்கிறத நிறுத்தணும்னு தோணுச்சு?' என்று கேளுங்கள். மூன்று பேரும் ஒரே இடத்தைக் காட்டினால் அடுத்த எபிசோடில் அதை மட்டும் சரிசெய்தால் போதும். முதலில் ஆறே ஆறு எபிசோட் என்று முடிவு செய்துகொண்டு, வாரத்தில் ஒரு கிழமையைக் குறித்துக்கொண்டு போடுங்கள். விருந்தினர் பேசிய எபிசோடை ஊருக்குப் போடுவதற்கு முந்தின நாளே அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். அந்த ஆயாவிடம் ஃபோன் இல்லையென்றால் நேரில் போய், ஹெட்ஃபோனை அவர் காதில் மாட்டிக் கேட்கச் சொல்லுங்கள்.