எமுலேட்டரில் டைமர் நிரலைச் சீரமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கியூஎமு (QEMU) மாதிரியான, ஒரு கணினியையே மென்பொருளாக நடித்துக் காட்டும் திறமூல எமுலேட்டரில் பழைய டிவைஸ் ஃபைல் (ஒரு வன்பொருளின் நடத்தையை எழுதிய நிரல்) ஒன்றைத் திறந்தால் உடனே கை துறுதுறுக்கும். ஃபப்ரீஸ் பெல்லார் 2003-இல் வெளியிட்ட திட்டம் கியூஎமு. 2009-இல் டிவைஸ்களை ஒரே முறையில் விவரிக்கும் கியூடெவ் (qdev) வந்தது, 2012 வாக்கில் அதன் அடித்தளமாக கியூஓஎம் (QOM) என்ற ஆப்ஜெக்ட் அமைப்பு வேரூன்றியது, 2013-இல் டைமர் இடைமுகம் முழுக்க மாறியது, 2020-இல் கிளாக் ஆப்ஜெக்டும் மூன்று கட்ட ரீசெட்டும் சேர்ந்தன. ஒவ்வொரு காலத்தின் பழக்கமும் ஏதோ ஒரு ஃபைலில் இன்னும் படிந்து கிடக்கிறது. அதைத் துடைத்துப் புதுப்பிக்க நினைப்பது நல்ல வேலைதான்.

ஆனால் டைமர் நிரலுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. டிஸ்க் நிரலில் தவறினால் கெஸ்ட் (எமுலேட்டருக்குள் ஓடும் கணினி) பூட் ஆகாது, டிஸ்ப்ளேயில் தவறினால் திரை கறுத்துவிடும். டைமரில் தவறினால் எல்லாமே ஓடும். கெஸ்ட் பூட் ஆகும், இருக்கிற டெஸ்டுகளும் தேறும். இரண்டு மணி நேரம் கழித்து ஏதோ ஒன்று உறையும், அல்லது நாளொன்றுக்குச் சில நொடிகள் பிசகும். அதற்குள் உங்கள் பேட்ச் மெயின் கிளையில் சேர்ந்து பல மாதம் ஆகியிருக்கும்.

அதனால்தான் முதல் தவறைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்: வடிவ மாற்றத்தையும் நடத்தை மாற்றத்தையும் ஒரே பேட்சில் போடாதீர்கள். பெயர் மாற்றுவது, குளோபல் மாறிகளை டிவைஸ் ஸ்ட்ரக்டுக்குள் நகர்த்துவது, பழைய அழைப்புகளைப் புதியவற்றால் மாற்றுவது எல்லாம் ஒரு வகை. ‘இந்தக் கணக்கில் ஒன்று குறைகிறதே, திருத்திவிடலாம்’ என்பது வேறு வகை. இரண்டும் கலந்த பேட்சை கிட் பைசெக்ட் (பிழை எந்தக் கமிட்டில் நுழைந்தது என்று தேடும் கருவி) சுட்டிக்காட்டினாலும் பயனில்லை, 400 வரியில் எந்த வரி குற்றவாளி என்று அது சொல்லாது. இயந்திரத்தனமான மாற்றங்களுக்கு காக்சினெல் (விதி சொன்னால் சி நிரலைத் தானே மாற்றும் கருவி) ஸ்கிரிப்ட் எழுதி, அதையே கமிட் செய்தியில் ஒட்டிவிடுங்கள். ரிவ்யூ செய்பவர் 60 ஃபைல்களைப் படிப்பதற்குப் பதில் ஒரு ஸ்கிரிப்டைப் படித்தால் போதும்.

அடுத்தது கடிகாரத் தேர்வு. விர்ச்சுவல் கடிகாரம் கெஸ்ட் ஓடும்போது மட்டும் நகரும், நிறுத்தினால் நிற்கும். ரியல்டைம் கடிகாரம் கெஸ்ட் நின்றாலும் ஓடிக்கொண்டே இருக்கும். ஹோஸ்ட் கடிகாரம் என்பது ஹோஸ்டின், அதாவது எமுலேட்டர் ஓடும் உண்மையான கணினியின், சுவர்க் கடிகாரம், அதை யாராவது திருத்தினால் முன்னேயோ பின்னேயோ தாவும். கெஸ்ட் கண்ணுக்குத் தெரியும் டைமர் எதுவானாலும் பொதுவாக விர்ச்சுவலில்தான் இருக்க வேண்டும். அதை ரியல்டைமில் வைத்தால் கெஸ்டை ஐந்து நிமிடம் நிறுத்தி மறுபடி ஓட்டும்போது ஐந்து நிமிட இன்டரப்ட் (டிவைஸ் செயலிக்கு அனுப்பும் அழைப்பு) மொத்தமாக வந்து கொட்டலாம், ஓட்டத்தைப் பதிந்து அப்படியே மறுபடி ஓட்டும் ரெக்கார்ட்-ரீப்ளேயும் குலையும். திரையைப் புதுப்பிக்கும் டைமர் மாதிரி ஹோஸ்ட் பக்கத்து வேலைகளுக்கு ரியல்டைம்தான் சரி, ஏனென்றால் கெஸ்ட் நின்றிருந்தாலும் விண்டோ வரையப்பட வேண்டும்.

இங்கே ‘எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிடலாம்’ என்ற நல்லெண்ணம்தான் ஆபத்து. ஆர்டிசி (கணினியில் தேதி, நேரம் காக்கும் சிப்) டிவைஸ் எந்தக் கடிகாரத்தைப் பின்பற்றுவது என்பதைப் பயனர் கட்டளை வரியிலேயே தேர்ந்தெடுக்கலாம், எதுவும் சொல்லாவிட்டால் ஹோஸ்ட். அது ஏன் மற்ற டைமர்கள் மாதிரி இல்லை என்று குழம்பி அதையும் விர்ச்சுவலாக்கினால், கெஸ்டை ஒரு மணி நேரம் நிறுத்தி எடுத்த பிறகு ஆர்டிசியும் ஒரு மணி நேரம் பின்தங்கி நிற்கும். வித்தியாசமாக இருக்கும் வரியை அழிக்கும் முன் அதன் வரலாற்றை கிட் பிளேமில் (ஒவ்வொரு வரியும் எந்தக் கமிட்டில் வந்தது என்று காட்டும் கட்டளை) தேடிப் பாருங்கள்.

கடிகாரத்தோடு அலகும் சேர்ந்தே வரும். மில்லிநொடி டைமராக உருவாக்கியதில் நேரம் குறிக்கும்போது, கொடுக்கும் எண் உள்ளே அந்த அலகால் பெருக்கப்படும். உருவாக்கும் வரியை மட்டும் நானோநொடிக்கு மாற்றிவிட்டு நேரம் குறிக்கும் வரிகளை அப்படியே விட்டால் எண்கள் பத்து லட்சம் மடங்கு சுருங்கிவிடும். கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லாது, இரண்டும் வெறும் 64 பிட் முழு எண்கள்தானே.

சரி, கணக்குக்கு வருவோம். டைமர் சீரமைப்பில் நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் பிறக்கின்றன.

பழைய பிசியின் பிட் டைமர் (PIT என்ற டைமர் சிப், 64 பிட்டில் வரும் பிட் அல்ல) 11,93,182 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. நானோநொடியை டிக்காக மாற்ற, நேரத்தை அலைவெண்ணால் பெருக்கி நூறு கோடியால் வகுக்க வேண்டும். இதற்கு மல்டிவ்64 (muldiv64) என்ற உதவிச் செயல்கூறு இருக்கிறது, அது இடைநிலைப் பெருக்கலை 96 பிட்டில் செய்கிறது. ‘எதற்கு இந்தச் சுற்று, நேரடியாகவே பெருக்கி வகுக்கலாமே’ என்று அதை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? குறியுள்ள 64 பிட் எண்ணின் எல்லையை 11,93,182-ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 7,730 நொடி வருகிறது. அதாவது கெஸ்ட் ஓடத் தொடங்கி 2 மணி 9 நிமிடத்தில் பெருக்கல் நிரம்பி வழியும். அதுவே 100 மெகாஹெர்ட்ஸ் டைமராக இருந்தால் 92 நொடியிலேயே உடையும், அது ஒரு வகையில் நல்லது, டெஸ்டிலேயே மாட்டிக்கொள்ளும். மெதுவான டைமரில்தான் பிழை ஒளிந்துகொள்ள இடம் அதிகம். மல்டிவ்64-இலும் ஒரு கண்ணி உண்டு: இரண்டாவது, மூன்றாவது மதிப்புகள் 32 பிட்தான். அங்கே பெரிய எண்ணைக் கொடுத்தால் மேல் பாதி சத்தமில்லாமல் வெட்டுப்படும்.

இன்னொரு ஆசை, ஒரு டிக்கின் காலத்தை ஒருமுறை கணக்கிட்டு முழு நானோநொடியாகச் சேமித்துவிடுவது. பிட் டைமரின் ஒரு டிக் 838.095 நானோநொடி. அதை 838 என்று வைத்தால் பத்து லட்சத்தில் 113 பங்கு வேகம் கூடும், நாளொன்றுக்கு 9.8 நொடி. 32,768 ஹெர்ட்ஸ் டைமரின் 30,517.578-ஐ 30,517 ஆக்கினால் நாளுக்கு 1.6 நொடி. கியூஎமுவின் கிளாக் ஆப்ஜெக்ட் காலத்தை நானோநொடியின் 2³²-இல் ஒரு பங்கு என்ற நுண்ணலகில் சேமிப்பது இதற்காகத்தான். அதைப் பயன்படுத்தும் டிவைஸில் காலத்தை வெளியே எடுத்து முழு எண்ணாக்கி மறுபடி வைத்துக்கொண்டால் அந்த ஏற்பாடே வீண்.

முழு எண்ணாக்கும் திசையும் முக்கியம். 32,768 ஹெர்ட்ஸில் முதல் டிக் வரும் நேரத்தைக் கீழ்நோக்கி வெட்டினால் 30,517-ஆவது நானோநொடியில் டைமர் அடிக்கும். அந்தக் கணத்தில் ‘இப்போது எத்தனையாவது டிக்?’ என்று திருப்பிக் கணக்கிட்டால் 0.99998, கீழ்நோக்கி வெட்டினால் 0. இன்னும் நேரம் ஆகவில்லை என்று முடிவுசெய்து கால்பேக் (டைமர் அடித்ததும் ஓடும் செயல்கூறு) மறுபடி அதே 30,517-க்கு டைமர் வைக்கும். அது உடனே மறுபடி அடிக்கும். சாதாரண ஓட்டத்தில் கடிகாரம் தானே நகர்வதால் சில சுற்றில் தப்பித்துவிடும். நேரம் தானாக நகராத கியூடெஸ்டில் (qtest, கியூஎமுவின் டிவைஸ் டெஸ்ட் முறை) அது முடிவில்லாச் சுழல். காலாவதி நேரத்தை மேல்நோக்கியும், கடந்த டிக்குகளைக் கீழ்நோக்கியும் கணக்கிடுங்கள்.

அப்புறம், ஒரே செயல்கூறுக்குள் கடிகாரத்தை இரண்டு முறை படிக்காதீர்கள். சீரமைக்கும்போது ஒரு பெரிய செயல்கூறை இரண்டாக உடைத்து, இரண்டும் தனித்தனியே ‘இப்போது என்ன நேரம்’ என்று கேட்டால், எண்ணிக்கை முன்பும் நிலைக்கொடி பின்புமாக இருவேறு கணங்களைக் காட்டும். ஒருமுறை படித்துக் கீழே கொடுத்தனுப்புங்கள்.

திரும்பத் திரும்ப அடிக்கும் டைமரில் ‘இப்போதைய நேரம் + இடைவெளி’ என்று எழுதுவது எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி. ஹோஸ்ட் 40 மைக்ரோநொடி தாமதித்தால் அந்தத் தாமதம் அடுத்த அடிக்கும் அதற்கடுத்த அடிக்கும் ஒட்டிக்கொண்டே போகும். முந்தைய காலாவதியோடு இடைவெளியைக் கூட்டுவதே சரி. அப்படிச் செய்தால், ஹோஸ்ட் நீண்ட நேரம் திணறிய பிறகு விடுபட்ட அடிகள் வரிசையாக வந்து விழும். அவற்றைக் கொடுப்பதா விடுவதா என்பது டிவைஸ் கொள்கை. பழைய நிரல் எதைச் செய்ததோ அதையே முதலில் காப்பாற்றுங்கள்.

கையால் எழுதிய இறங்கு எண்ணியைப் பிடைமருக்கு (ptimer, கியூஎமுவில் ஏற்கெனவே இருக்கும் பொது இறங்கு எண்ணி) மாற்றுவது மிகவும் விரும்பத்தக்க சீரமைப்பு, பல ஃபைல்கள் பாதியாகச் சுருங்கும். ஆனால் உருவாக்கும்போது கொடுக்கும் பாலிசி மதிப்பை (எல்லை நேரங்களில் எண்ணி எப்படி நடக்க வேண்டும் என்பதை)ப் பக்கத்து ஃபைலிலிருந்து நகலெடுக்காதீர்கள். முன்பு ‘டீஃபால்ட்’ என்றிருந்த பாலிசியின் பெயரை ‘லெகசி’ என்று மாற்றியதே, யாரும் அதைச் சரியான தேர்வு என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக. எண்ணி பூஜ்யத்தைத் தொட்டதும் உடனே நிரம்புமா, ஒரு சுற்று பூஜ்யத்தில் நிற்குமா, பூஜ்யத்தை எழுதினால் இன்டரப்ட் வருமா என்பதெல்லாம் அந்தச் சிப்பின் கையேட்டில் இருக்கிறது. ஆர்ம் செயலியின் சிஸ்டிக் டைமரில் ரீலோட் மதிப்பு N என்றால் சுற்று N+1 டிக். 16 மெகாஹெர்ட்ஸில் ஒரு மில்லிநொடிக்கு 15,999 எழுதுவார்கள். அந்த ஒன்றைத் தவறவிட்டால் நாளுக்கு 5.4 நொடி.

2019-இல் பிடைமருக்கு டிரான்சாக்‌ஷன் முறை வந்தது. மாற்றங்களைத் தொடக்கத்துக்கும் கமிட்டுக்கும் நடுவில் செய்ய வேண்டும், தேவைப்பட்டால் கால்பேக் கமிட்டிலேயே ஓடிவிடும். முன்பு அது பாட்டம் ஹாஃபில் (பின்னால் ஓடும்படி ஒத்திவைத்த வேலை) சற்றுத் தாமதமாக ஓடியது. அந்தத் தாமதத்தை நம்பி எழுதிய நிரலில் கமிட்டுக்குப் பிறகு ரெஜிஸ்டரைப் புதுப்பித்தால் கால்பேக் பழைய மதிப்பைப் பார்க்கும். கால்பேக்குக்குள் டிரான்சாக்‌ஷனைத் திறக்கவும் கூடாது, அது ஏற்கெனவே ஒன்றின் உள்ளேதான் ஓடுகிறது. மிகக் கவனிக்க வேண்டியது நடுவில் வரும் அவசர ரிட்டர்ன்: கமிட் இல்லாமல் வெளியேறினால் அடுத்த தொடக்கத்தில் அசெர்ட் (நிபந்தனை தவறினால் நிரலை நிறுத்தும் சோதனை) விழுந்து எமுலேட்டரே செத்துவிடும். கெஸ்ட் ஒரு தவறான மதிப்பை எழுதி அதைத் தூண்ட முடிந்தால், ஒரு சீரமைப்பு பேட்ச் எமுலேட்டரைச் சாய்க்கும் வழியைக் கெஸ்டின் கையில் கொடுத்துவிட்டது என்று அர்த்தம்.

டிவைஸின் வாழ்க்கைச் சுழற்சியில் கவனிக்க வேண்டிய சில இடங்கள் உண்டு. ஆப்ஜெக்டின் தொடக்கச் செயல்கூறில் டைமரை ஒதுக்கி, ரியலைஸின் (டிவைஸை இயங்கத் தயாராக்கும் கட்டம்) எதிர்ச் செயலில் மட்டும் விடுவித்தால், டிவைஸின் பண்புகளைக் கேட்பதற்காக மட்டும் உருவாக்கி அழிக்கப்படும் ஆப்ஜெக்டில் நினைவகம் கசியும். டைமரை ரியலைஸில் உருவாக்குங்கள். ஹாட்-அன்பிளக் ஆகும் (கெஸ்ட் ஓடும்போதே கழற்றப்படும்) டிவைஸில் டைமரை நிறுத்தாமல் விட்டால், விடுவித்த நினைவகத்தின்மேல் கால்பேக் ஓடும். ரீசெட்டைப் பொறுத்தவரை, முதல் கட்டமான என்டரில் தன் சொந்த நிலையை மட்டும் துடைக்க வேண்டும், இன்டரப்ட் கோட்டைத் தொடக் கூடாது. கியூஓஎம்முக்கு மாற்றும்போது கால்பேக்குக்குக் கொடுக்கும் சுட்டி எந்த வகை என்பதையும் பாருங்கள். அது வாய்டு சுட்டி என்பதால், கொடுப்பது ஒன்றும் எடுப்பது வேறொன்றுமாக இருந்தாலும் கம்பைல் ஆகிவிடும்.

ஓடும் கெஸ்டை இன்னொரு ஹோஸ்டுக்கு மாற்றும் மைக்ரேஷனைப் பலரும் கடைசியில்தான் நினைக்கிறார்கள். விஎம்ஸ்டேட்டில் (அப்போது அனுப்ப வேண்டிய டிவைஸ் நிலையின் பட்டியல்) இருக்கும் புலங்களின் வரிசையும் அளவும் உங்கள் சொந்த ஸ்ட்ரக்ட் அல்ல, பழைய பதிப்புகளோடு செய்துகொண்ட ஒப்பந்தம். ஸ்ட்ரக்டை விருப்பம்போல் அடுக்கலாம், அந்தப் பட்டியலை அடுக்க முடியாது. புதிய புலம் தேவைப்பட்டால் பதிப்பு எண்ணை ஏற்றுவதற்கு முன் சப்செக்‌ஷனை (பட்டியலின் விருப்பத் துணைப்பகுதி) யோசியுங்கள்: தேவையானபோது மட்டும் அனுப்பப்படுவதால், மற்ற நேரங்களில் பழைய எமுலேட்டரும் அந்த நிலையை ஏற்கும். விர்ச்சுவல் கடிகாரத்தின் மதிப்பும் சேர்ந்து பயணிப்பதால் அதன் காலாவதி நேரங்களை அப்படியே அனுப்பலாம். ரியல்டைம் கடிகாரத்தின் மதிப்பு இன்னொரு கணினியில் அர்த்தமற்றது. ஏற்றி முடித்தபின் ஓடும் செயல்கூறில் இன்டரப்ட் எழுப்புவதும் தவறு, எதிர்முனையில் இருக்கும் இன்டரப்ட் கன்ட்ரோலரின் நிலை அப்போது ஏற்றப்பட்டிருக்குமா என்பதற்கு உறுதியில்லை. பேட்சுக்கு முன்னும் பின்னும் விஎம்ஸ்டேட்டை டம்ப் செய்து, மூலத்தோடு வரும் ஸ்டாட்டிக் செக்கர் ஸ்கிரிப்டால் ஒப்பிட்டால் பெரும்பாலான விபத்துகள் அங்கேயே தெரிந்துவிடும்.

டெஸ்டை எப்போது எழுதுவது? சீரமைப்பு முடிந்த பிறகு எழுதினால் புதிய நிரலின் நடத்தையைத்தான் அது உறுதிசெய்யும், பிழையோடு சேர்த்து. பழைய நிரலின்மேல் முதலில் எழுதி ஓட்டுங்கள். கியூடெஸ்டில் விர்ச்சுவல் கடிகாரத்தை நாமே நானோநொடிக் கணக்கில் நகர்த்தலாம் என்பதால் எல்லைகளைத் துல்லியமாகத் தொட முடியும். காலாவதிக்கு ஒரு நானோநொடி முன் நிறுத்தி இன்டரப்ட் வரவில்லை என்று பாருங்கள், ஒன்றை நகர்த்தி வந்ததா என்று பாருங்கள், பிறகு ஒரே தாவலில் மூன்று மணி நேரம் நகர்த்தி எண்ணியைப் படியுங்கள். பிட் டைமரின் அந்த 7,730-ஆவது நொடி இந்தத் தாவலுக்குள் வந்துவிடும், டெஸ்ட் ஓடவும் அதிக நேரம் பிடிக்காது.