பாகிஸ்தானின் தொடக்க ஆண்டுகளை எப்படிப் படிப்பது?

முதலில், 1947 ஆகஸ்ட் 11 அன்று கராச்சியில் அரசியல் நிர்ணய சபையில் முகம்மது அலி ஜின்னா ஆற்றிய உரையை முழுமையாகப் படியுங்கள். கோவிலுக்கோ பள்ளிவாசலுக்கோ செல்ல ஒவ்வொருவருக்கும் உரிமையுண்டு என்றும், ஒருவருடைய மதத்துக்கும் அரசின் அலுவலுக்கும் தொடர்பில்லை என்றும் அவர் அதில் கூறுகிறார். அடுத்து, முதல் பிரதமர் லியாகத் அலி கான் முன்மொழிந்து 1949 மார்ச் 12 அன்று நிறைவேறிய குறிக்கோள் தீர்மானத்தை (வரவிருந்த அரசியலமைப்புக்கான அடிப்படைக் கொள்கைகளை வகுத்த தீர்மானம்) அருகில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். இறையாண்மை அல்லாஹ்வுக்கே உரியது என்று தொடங்கும் அத்தீர்மானத்தின்மீது சபையின் இந்து உறுப்பினர்கள் எழுப்பிய மறுப்புகளை விட்டுவிடாதீர்கள். சிறுபான்மையினரின் அச்சம் அங்குதான் தெளிவாகக் கேட்கிறது என்பது என் கருத்து.

இலட்சியங்களை மட்டும் படித்தால் போதாது. குண்டூசிகூட இல்லாமல் முள்ளால் காகிதங்களைக் கோத்த அலுவலகங்கள், இலட்சக்கணக்கில் வந்துசேர்ந்த அகதிகள், 1948 செப்டம்பர் 11 அன்று நேர்ந்த ஜின்னாவின் மறைவு ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மொழிச் சிக்கலுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்: உருது மட்டுமே அரச மொழி என்று 1948 மார்ச்சில், அன்று பாகிஸ்தானின் கிழக்குப் பகுதியாக இருந்த இன்றைய வங்காளதேசத்தின் டாக்காவில் ஜின்னா அறிவித்ததிலிருந்து, வங்காள மொழிக்காகப் போராடியவர்கள் 1952 பிப்ரவரி 21 அன்று அதே நகரில் சுட்டுக் கொல்லப்பட்டது வரை தொடர்ந்து படியுங்கள். அரசியலமைப்பு 1956 மார்ச் 23 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதில் வங்காளமும் அரச மொழியாக இடம்பெற்றது.