உல்லன் என்று கேட்டால் என்ன கிடைக்கும்? குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) வேலைக்கு நூல் வாங்கும் முறை

கடலூர் லாரன்ஸ் ரோட்டிலோ புதுச்சேரி நேரு வீதியிலோ ஒரு ஃபேன்சி ஸ்டோருக்குள் போய் "குரோஷே போட நூல் வேணும்" என்று கேட்டால், "உல்லனா, காட்டனா?" என்ற கேள்விதான் முதலில் வரும். உல்லன் என்று எடுத்துத் தருவதில் பெரும்பாலும் ஆட்டு ரோமம் ஓர் இழைகூட இருக்காது. அது அக்ரிலிக் என்ற செயற்கை இழை. பெயர் பழகிவிட்டதால் கடைக்காரரும் அப்படித்தான் சொல்கிறார், வாங்குபவரும் அப்படித்தான் கேட்கிறார். சால்வை பின்னும்வரை இதனால் ஒன்றும் கெட்டுவிடாது. அதே நூலில் அடுப்படிக்குப் பிடிதுணி பின்னினால் கை சுடும். ஆகவே கலரைப் பார்க்கும் முன் லேபிளைத் திருப்பி, என்ன இழை, எத்தனை கிராம், எத்தனை மீட்டர், எந்தச் சாய லாட் (ஒரே தடவையில் சாயமேற்றிய தொகுப்பு) என்ற நான்கையும் படித்துவிடுங்கள்.

என்ன பின்னப் போகிறீர்கள்?

பொருள் முடிவானால் பாதி நூல் தானாகக் கழிந்துவிடும். சூடு படுமா, தோலில் படுமா, எடை தாங்க வேண்டுமா, அடிக்கடி துவைப்போமா என்று யோசித்தால் போதும்.

சூடு படும் எதற்கும் காட்டன் மட்டும்தான். அக்ரிலிக் சூட்டில் இளகும். குக்கரை அதன்மேல் இறக்கி வைத்தால் நூல் பாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும், விரலில் பட்டால் தோலோடு வரும். காட்டனிலும் ஓட்டை ஓட்டையான டிசைன் வேண்டாம். சிங்கிள் குரோஷே என்ற குட்டையான அடிப்படைக் கண்ணியில் (இது அமெரிக்கப் பெயர்) நெருக்கமாக இரண்டு துண்டு பின்னி ஒன்றோடொன்று சேர்த்துத் தைக்க வேண்டும். பிடிதுணி ஈரமாக இருந்தால் சூடு சட்டென்று கைக்கு ஏறும் என்பதால் காய்ந்தது ஒன்று எப்போதும் மாற்றுக்கு இருக்கட்டும்.

தோலில் படும் துணிக்கு நம் ஊர்க் காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். காட்டன் தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரத்தைக் காற்றிலிருந்து இழுத்து வைத்துக்கொள்ளும். கம்பளி சுமார் 16 சதவீதம். அக்ரிலிக்குக்கு 2 சதவீதம்கூட வராது. அதனால்தான் அக்ரிலிக் மேல்சட்டையைச் சித்திரை வெயிலில் போட்டால் வியர்வை துணிக்குள் போகாமல் முதுகிலேயே நிற்கிறது. கடற்கரை ஊரில் உடுத்துவதற்குக் காட்டன் அல்லது காட்டன் அதிகமுள்ள கலப்பு நூல் எடுங்கள். கைக்குழந்தைத் தொப்பிக்கும் அதுவே நல்லது. ரோமம் சிலிர்த்து நிற்கும் நூல் மட்டும் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம், உதிரும் இழை வாய்க்குள் போகும்.

எடை தாங்கும் பை விஷயத்தில் காட்டனுக்கு ஒரு குறை உண்டு. கம்பளி போல இழுத்துவிட்டால் திரும்பிச் சுருங்காது. குபேர் மார்க்கெட்டில் இரண்டு கிலோ காய் வாங்கி அந்தப் பையைத் தோளில் மாட்டினால், வீடு வருவதற்குள் கைப்பிடி நான்கு விரல் நீண்டிருக்கும். நூலை மாற்றுவதைவிடப் பின்னும் முறையை மாற்றுவதே இதற்கு வழி. கைப்பிடியைக் குறுக்கே குட்டைக் குட்டை வரிசையாகப் பின்னாமல் நீளவாக்கில் பின்னி, இரண்டு ஓரத்திலும் ஸ்லிப் ஸ்டிச் (உயரமே ஏறாத தட்டைக் கண்ணி) ஒரு வரிசை ஓட்டுங்கள்.

பொம்மைக்குக் காட்டனும் சரி, அக்ரிலிக்கும் சரி. லேபிளில் போட்டிருக்கும் ஊசியைவிட ஒன்றிரண்டு அளவு சிறிய ஊசி எடுத்தால்தான் கண்ணிகள் இறுகி, உள்ளே அடைத்த பஞ்சு வெளியே தெரியாது. இப்போது எல்லாரும் ஆசைப்படும் வெல்வெட் நூலை முதல் பொம்மைக்கு வாங்காதீர்கள். அதில் கண்ணி கண்ணுக்கே தெரியாது, விரலால் தடவித்தான் எண்ண வேண்டும். நாலு முறை பிரித்துப் பின்னினால் மேல் ரோமம் உதிர்ந்து உள்நூல் மட்டும் நிற்கும்.

புதிதாகக் கற்பவருக்கு வழவழப்பான, வெளிர் நிறமுள்ள, நடுத்தரப் பருமன் நூலும் 4 மி.மீ. ஊசியும் போதும். கறுப்பையும் கருநீலத்தையும் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் அனுபவசாலிக்கே கண்ணி தவறும்.

காட்டனிலேயே வகை உண்டு

பட்டுப்போல மின்னும் காட்டன் மெர்சரைஸ்டு. நூலை இழுத்துப் பிடித்தபடி காஸ்டிக் சோடாக் கரைசலில் நனைத்தெடுத்தது. சாயம் நன்றாகப் பிடிக்கும், உறுதி கூடும், டிசைன் துலக்கமாகத் தெரியும். டேபிள் விரிப்பு, ஜாக்கெட் லேஸ், கைக்குட்டை ஓரம், தோரணம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். தண்ணீரை உறிஞ்ச வேண்டிய பாத்திரம் துடைக்கும் துணிக்கும் முகம் துடைக்கும் துண்டுக்கும் மெர்சரைஸ் செய்யாத மங்கல் காட்டன்தான் சரி.

தறி நூலைக் கழியாக (வளையமாகச் சுற்றிய கட்டாக) மலிவாக வாங்கிப் பின்னலாம். ஆனால் அதன் கணக்கு வேறு. அங்கே நம்பர் ஏற ஏற நூல் மெலியும். 20ஆம் நம்பர் ஒற்றை நூல் கிராமுக்கு ஏறத்தாழ 34 மீட்டர் ஓடும். அப்படிப் பத்து இழை சேர்த்தால் 100 கிராமுக்கு சுமார் 340 மீட்டர், அதாவது மெல்லிய மேல்சட்டைப் பருமன். பதினாறு இழை சேர்த்தால் சுமார் 210 மீட்டர், பைக்கும் விரிப்புக்கும் ஏற்ற பருமன். முறுக்காமல் சும்மா சேர்த்துப் பிடித்தால் ஊசி முனை இழைகளுக்கு நடுவே குத்திக்கொண்டே இருக்கும். இலேசாக முறுக்கிக்கொண்டால் அந்தத் தொல்லை குறையும். சாயமேற்றாத கோரா நூல் என்றால் முதல் துவையலில் சுருங்கும். கழியாகவே வெந்நீரில் நனைத்துக் காயவைத்து, பிறகு தளர்வாக உருண்டை சுற்றுங்கள்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் மிஞ்சும் துணியை நாடாவாக வெட்டி விற்கும் டி-ஷர்ட் நூல் கூடைக்கும் கால்மிதிக்கும் நல்லது. 8 முதல் 12 மி.மீ. ஊசி வேண்டும். ஒரே உருண்டையில் பருமன் மாறி மாறி வரும். தடித்த பகுதியைக் கூடையின் அடிக்கும், மெலிந்ததை விளிம்புக்கும் ஒதுக்குங்கள்.

புரி வேறு, பருமன் வேறு

நாலு புரி என்றால் நாலு இழை முறுக்கிய நூல், அவ்வளவுதான். அந்த இழை எவ்வளவு தடிமன் என்று புரி எண்ணிக்கை சொல்லாது. மெல்லிய எட்டுப் புரியும் உண்டு, தடித்த இரண்டு புரியும் உண்டு. பருமனை ஒரு ஸ்கேல் வைத்தே கண்டுபிடிக்கலாம். ஸ்கேலில் ஓர் அங்குல நீளத்துக்கு நூலை இழுக்காமல், மேலே ஏறாமல், பக்கத்தில் பக்கத்தில் சுற்றி எண்ணுங்கள். 9 முதல் 12 சுற்று வந்தால் 5 – 6 மி.மீ. ஊசி. 13 முதல் 15 என்றால் 3.5 – 4.5. அதற்கு மேல் 30 வரை 2.25 – 3.5. அதையும் தாண்டினால் லேஸ் நூல், 1 – 1.75 மி.மீ. ஸ்டீல் ஊசிதான் பிடிக்கும். இது தொடங்குவதற்கான அளவு. கை இறுக்கமாகப் பின்னுபவர் அரை மி.மீ. ஏற்றிக்கொள்ள வேண்டும்.

கடையில் நிற்கும்போதே இன்னொன்றும் பாருங்கள். நூல் நுனியை இரண்டு விரலுக்கு இடையில் பிடித்து, முறுக்குக்கு எதிர்ப்பக்கமாக ஒரே ஒரு சுற்றுத் திருப்புங்கள். உடனே புரிகள் கலைந்து துடைப்பம் போல விரிந்தால், பின்னும்போதும் ஊசி அதற்குள்தான் மாட்டும். கொஞ்சம் எதிர்த்து நின்றுவிட்டு, விட்டதும் பழையபடி முறுக்கிக்கொண்டால் நல்ல நூல்.

லேபிளே இல்லாத நூல், குறிப்பாகக் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் எடைக்கு வாங்கியது என்றால், வீட்டில் எரித்துப் பாருங்கள். விரல் நீளத் துண்டை இடுக்கியில் பிடித்து, தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் தட்டுக்கு மேலே, ஜன்னல் திறந்து வைத்து எரிக்க வேண்டும். காகிதம் எரியும் வாசனையும் தொட்டதும் உதிரும் சாம்பலும் வந்தால் காட்டன். முடி கருகும் நாற்றம் வந்து, தீயை எடுத்ததும் தானே அணைந்து, கரி விரலில் நொறுங்கினால் கம்பளி. கறும்புகையோடு உருகி, ஆறியபின் நசுங்காத கறுப்பு மணி நின்றால் அக்ரிலிக். சாம்பலும் மணியும் கலந்து வந்தால் கலப்பு நூல். அதையும் அடுப்படிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

எவ்வளவு வாங்குவது?

ஒரே ஓர் உருண்டை வாங்கிவந்து, பின்னப்போகும் அதே டிசைனில் 15 செ.மீ. சதுரம் பின்னுங்கள். துவைத்துக் காயவைத்து அளந்து, சமையல் தராசில் எடை போடுங்கள். உதாரணமாக அது 11 கிராம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சதுரம் 225 ச.செ.மீ. பையின் ஒரு பக்கம் 35 × 38 செ.மீ. என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 2660 ச.செ.மீ. அதை 225ஆல் வகுத்து 11ஆல் பெருக்கினால் 130 கிராம். கைப்பிடிக்கு 25, மாதிரிக்குப் போன 11, மொத்தம் 166. பத்து சதவீதம் சேர்த்தால் 183. ஆக, 50 கிராம் உருண்டை நாலு. துவைக்காமல் அளந்தால் இந்தக் கணக்கு நிற்காது, ஏனென்றால் காட்டன் முதல் தண்ணீரிலேயே அளவு மாறும்.

அக்ரிலிக்குக்கு எழுதிய டிசைனைக் காட்டனில் பின்னுவதானால் கிராமைப் பார்க்காமல் மீட்டரைப் பாருங்கள். காட்டன் கனமான இழை; அதே பருமனில் அதே நீளத்துக்குக் கூடுதல் கிராம் வேண்டும். டிசைன் எந்த நாட்டு முறை என்பதையும் பார்த்துவிடுங்கள். அமெரிக்காவில் சிங்கிள் என்பதைத்தான் பிரிட்டனில் டபுள் என்கிறார்கள். மாற்றிப் பின்னினால் நூல் கணக்கும் மாறிவிடும்.

எல்லா உருண்டையும் ஒரே லாட்டில் இருக்க வேண்டும். கடை வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு சிவப்பு, வாசல் வெயிலில் வேறு வேறாகத் தெரியும். வேறு வழியில்லை என்றால் இரண்டு வரிசைக்கு ஒருமுறை உருண்டையை மாற்றி மாற்றிப் பின்னுங்கள். பாதியில் கோடு விழுந்த மாதிரி தெரியாது.

சிவப்பு, மெரூன், கருநீலத்தை வெள்ளையோடு சேர்க்கும் முன் ஒரு முழ நூலை நனைத்து, வெள்ளைத் துணியில் மடித்து, மேலே கனம் வைத்து ராத்திரி முழுக்க விடுங்கள். கறை இறங்கினால் அந்த ஜோடி வேண்டாம். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று வீட்டுக்கு வீடு சொல்கிறார்கள். சாயத் தொட்டியில் சாயத்தை நூலுக்குள் ஏற்ற உப்பு உதவுகிறது என்பது உண்மை. ஆனால் பட்டறையில் பிடிக்காமல் விட்ட சாயத்தை வீட்டு உப்பு பிடித்து வைக்காது. அது துவைத்துத் துவைத்துத்தான் போகும்.

ஐப்பசி மழைக்கு முன்

வடகிழக்குப் பருவமழை நாட்களில் காட்டன் முழுசாகக் காயாமல் உள்ளே போனால் பூஞ்சைப் புள்ளி விழும், பிறகு போகாது. நூலை ஒருநாள் நிழல் காற்றில் உலர்த்தி, மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். கஞ்சி போட்ட விரிப்புகளை எடுத்து வைப்பதானால் கஞ்சி போக அலசிக் காயவைத்த பிறகே வைக்க வேண்டும். கஞ்சிக்கு வெள்ளிப்பூச்சி வரும். உண்மையான கம்பளி இருந்தால் அதைத் தனிப் பையில் கட்டுங்கள், அந்துப்பூச்சிக்கு அதுதான் தீனி. ஸ்டீல் ஊசிகள் உப்புக் காற்றில் துருப்பிடித்து வெள்ளை நூலில் பழுப்புக் கறை வைக்கும். துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வைத்து, மறுபடி எடுக்கும்போது முதலில் பழைய துணியில் அழுத்தித் துடையுங்கள்.

ஒவ்வொரு வேலை முடிந்ததும் மூன்று மீட்டர் நூலை லேபிளோடு சுற்றி வைத்துவிடுங்கள். மாதிரிச் சதுரத்தையும் தூக்கிப் போடாமல், பையைத் துவைக்கும்போதெல்லாம் கூடவே துவையுங்கள். இரண்டு வருடம் கழித்துக் கைப்பிடி அறுந்தால், வெளுத்த பைக்குப் பொருந்துகிற அதே வெளுப்பில் நூல் அந்தச் சதுரத்தைப் பிரித்தால் கிடைக்கும்.