பே டிரெயில் டேப்லெட்டில் லினக்ஸ் உறைந்து நிற்கிறதா? காரணத்தைப் பிடிக்கும் வழி

இன்டெலின் பே டிரெயில் வரிசையைச் சேர்ந்த ஆட்டம் இசட்3735எஃப் சில்லு, 2 ஜிபி ராம், 32 ஜிபி இஎம்எம்சி சேமிப்பு. விண்டோஸோடு மலிவாக விற்ற கீபோர்டு டேப்லெட்கள் பலவற்றின் உள்ளே இதுதான். பிராசஸர் 64 பிட், யுஇஎஃப்ஐ (கணினியைத் தொடக்கிவைக்கும் உள் மென்பொருள்) மட்டும் 32 பிட் என்பதால் பல டிஸ்ட்ரோக்கள் (லினக்ஸ் வகைகள்) பூட்டே ஆகாது, அதாவது தொடங்கவே செய்யாது. டெபியன் 12-இன் சாதாரண 64 பிட் இமேஜ் பூட் ஆகும். வேறெதையும் தேடி அலையாதீர்கள். இன்ஸ்டால் செய்யத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். தொல்லை அதற்கு அப்புறம்தான்: வேலையின் நடுவே திரை சிலைபோல நின்றுவிடும்.

(கமாண்டுகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில் தட்டுங்கள்.)

படி 1: உறைந்தது எது?
கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். விளக்கு மாறினால் லினக்ஸின் மையமான கெர்னல் உயிரோடு இருக்கிறது, கிராஃபிக்ஸைச் சந்தேகியுங்கள். விளக்கே இல்லாத கீபோர்டு என்றால் வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் (நெட்வொர்க் வழியாக நுழையும் முறை) போட்டுப் பாருங்கள். அதற்கும் பதில் இல்லையா? மொத்தமும் போய்விட்டது.

படி 2: லாக் (கணினி எழுதிவைக்கும் பதிவேடு)
பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி பூட் செய்து, 'சூடோ ஜர்னல்சிடிஎல் -பி -1 -இ' தட்டுங்கள். ('-பி' என்பது 'பூட்' என்ற சொல்லின் முதல் ஆங்கில எழுத்து.) முந்தைய பூட்டின் கடைசி வரிகள் வரும்.

பலரும் ஏமாறுவது இங்கேதான். வழக்கமான வரிகள் ஓடும், திடீரென நிற்கும், பிழை என்று ஒன்றுமே இருக்காது. உடனே 'லாக்கில் ஒன்றுமில்லை' என்று டிஸ்ட்ரோவை மாற்றக் கிளம்பிவிடுகிறார்கள். லாக்கை எழுதும் ஜர்னல்டி சாதாரணச் செய்திகளை 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் வட்டில் உறுதியாக எழுதும். அதனால் கடைசி நிமிடங்கள் தொலைந்திருக்கலாம். இதைத் தாண்ட ஒரு நல்ல வழி: வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச்சில் நுழைந்து 'சூடோ ஜர்னல்சிடிஎல் -கேஎஃப்' ஓடவிடுங்கள். டேப்லெட் செத்தாலும் கடைசியாக வந்து சேர்ந்த வரி அந்தத் திரையில் நிற்கும். அங்கும் பிழை ஏதும் இல்லை என்றால், அந்த மௌனமே துப்பு: அடுத்த படியில் வரும் சி-ஸ்டேட்டைச் சந்தேகியுங்கள்.

படி 3: சி-ஸ்டேட்
சில்லு சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சப்படுத்த ஆழ்ந்த தூக்கநிலைக்குப் போகும். அந்த நிலைகள்தான் சி-ஸ்டேட். பே டிரெயிலில் அதனால் உறைவது பழைய சங்கதி. கெர்னல் பிழைகளைப் பதியும் பக்ஸில்லா தளத்தில் 109051 என்ற எண்ணில் பதிவாகியிருக்கிறது. முதலில் கெர்னலைப் புதுப்பியுங்கள். தீரவில்லையா? பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் 'இ' அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு 'இன்டெல்_ஐடில்.மேக்ஸ்_சிஸ்டேட்=1' சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். இது அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான், பயப்பட வேண்டாம். சில நாள் உறையாமல் ஓடினால் '/இடிசி/டிஃபால்ட்/கிரப்' கோப்பில் நிரந்தரமாகச் சேர்த்து 'சூடோ அப்டேட்-கிரப்' கொடுங்கள்.

பின்சேர்க்கை: பேட்டரி சீக்கிரம் தீர்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். தீரத்தான் செய்யும், தூக்கத்தைத் தடுத்திருக்கிறோமே. பிரவுசரில் நிறைய டேப் திறந்தால் மட்டும் நிற்கிறது என்பவர்களுக்குக் கதை வேறு. லாக்கில் 'அவுட் ஆஃப் மெமரி' என்று தேடுங்கள். இருந்தால் 2 ஜிபி ராம் போதவில்லை, இசட்ராம் (ராமில் உள்ளதைச் சுருக்கி வைக்கும் வசதி) போடுங்கள்.